வீணைத் தட்டின் இரைச்சல்

காளிதாஸ் கேட்டது அப்படி ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஒரு வீணை இசைத்தட்டு. அதில் ஒரே ஒரு பக்கத்தை, நடுவில் கொர்ரென்றோ சொர்ரென்றோ எந்தச் சத்தமும் இல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காக அந்த மனிதர் பட்ட பாட்டையும் பக்கத்தில் இருந்தவர்களைப் படுத்திய பாட்டையும் பார்த்தால், ஓர் ஊரையே எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட இதைவிடச் சுலபமாக முடிந்திருக்கும் என்று தோன்றும்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகிற தார்ச்சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி அவர் வீடு. ஆள் ரிக் வண்டிக்காரர். லாரியில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய் ஆழ்துளைக் கிணறு போடுவதுதான் ரிக் வண்டி வேலை. துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு எடுத்துக் கொடுக்கிற ஆளாகப் போய்ச் சேர்ந்து, துளை போடும் ட்ரில்லராக உயர்ந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆந்திரா, மராட்டியம், ராஜஸ்தான் என்று பாறையைக் குடைந்துகொண்டே திரிந்தவர். வீட்டுக்கு வருவது தீபாவளிக்கு ஒரு தடவை, மாரியம்மன் நோம்பிக்கு ஒரு தடவை. அதுவும் வேலை விட்டால்தான்.

ட்ரில்லருக்குக் காதுதான் மூலதனம். உள்ளே ஹேமர் அடிக்கிற சத்தத்தை வைத்தே, கெட்டிப் பாறையில் போகிறதா, வெடிப்பு வந்திருக்கிறதா, இன்னும் இரண்டு ராடு இறக்கினால் தண்ணீர் தட்டுமா என்று காளிதாஸ் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கம்ப்ரசர் பக்கத்தில் நின்று பேசினால் பேசுகிறவனுக்கே தன் குரல் கேட்காது. அந்த இடத்தில் காலை முதல் மாலைவரை நிற்பார். "காதுக்குப் பஞ்சாவது வெச்சுக்குங்க" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "காத அடைச்சுக்கிட்டு எப்புடிப் பாறையக் கேக்கறது?" என்பார். மற்ற பையன்கள் எல்லாம் துணியைக் கிழித்துச் செருகிக்கொண்டபோது இவர் மட்டும் வெறும் காதோடு நின்றார். அதில் ஒரு பெருமை.

வீணை அவருக்குள் புகுந்தது ஆந்திராவில், ஒரு மிளகாய்க் காட்டில். டீசல் தீர்ந்து வண்டி நின்றுபோன ஒரு மத்தியானம். நாள் கணக்கில் ஓடிய கம்ப்ரசர் ஓய்ந்ததும் காடே புதிதாகத் தெரிந்தது. நிலத்துக்காரர் தன் வீட்டுக்குள் ஒரு தட்டைச் சுழலவிட்டார். தந்தியை மீட்டுகிறார்கள், அந்த நாதம் மெல்லத் தேய்ந்து, ஒன்றுமே இல்லாமல் போகிறது, அந்த ஒன்றுமில்லாததிலிருந்து அடுத்த மீட்டல் எழுகிறது. காளிதாஸ் உடம்பெல்லாம் கல் மாவு படிய வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. ஏனென்று அவருக்கே தெரியவில்லை. வேலையை விட்டு ஊருக்குப் போனதும் முதல் வேலை இதுதான் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

முழங்கால் மடக்க முடியாமல் போய், போன மாசிக் கடைசியில் ரிக்கை விட்டு ஊருக்கே வந்து சேர்ந்தார். மனைவி சௌந்திரத்துக்குச் சந்தோஷம். இத்தனை வருடமும் காட்டு வெள்ளாமையையும் மேச்சேரி இன ஆடுகளையும் மகளின் படிப்பையும் கல்யாணத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் அவர். இனிமேலாவது வீட்டில் பேச ஓர் ஆள் இருக்கும் என்று நினைத்தார். பாவம், அந்த ஆள் வந்த வேகத்தில் சேலத்துக்குப் பஸ் ஏறி, ஆனந்தகுமார் என்பவரின் பழைய ரெக்கார்டுக் கடையில் ஒரு பிளேயரையும் வீணைத் தட்டு உட்பட நாலைந்து தட்டுகளையும் வாங்கி வந்து முன்னறையில் வைத்துவிட்டார். சின்னப் பெட்டி, ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே.

முதல் நாள் முள்ளை வைத்ததும் வீணைக்கு முன்னால் வந்தது வேறு. எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரே வெடிப்பு. சடசட, பொட்டுப் பொட்டு. தட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவும்போதே கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. துடைத்தால் துடைத்த இடத்துக்கே தூசி பறந்து வந்து ஒட்டியது. அது பங்குனி மாதம், காற்றில் பொட்டு ஈரம் கிடையாது. காளிதாஸ் தட்டைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோடுகளுக்குள் தூசி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவருக்கு உடனே நிம்மதியாகிவிட்டது. குழிக்குள் தூசி இருந்தால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியாதா!

கிணறு போட்டு முடித்ததும் ரிக் வண்டிக்காரர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பிளஷிங் என்பார்கள். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் உள்ளே அடித்து, சேறும் சக்கையும் வெளியே பீய்ச்சி, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடமாட்டார்கள். காளிதாஸ் வீணைத் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹைவேயில் இருக்கிற பஞ்சர் கடைக்குப் போனார். லாரி டயருக்குக் காற்றடிக்கிற குழாயை வாங்கி, தட்டின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு கோடு விடாமல் ஊதித் தள்ளினார். தூசி பறந்தது. தட்டு பளபளவென்று ஆனது. பஞ்சர் கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். காளிதாஸ் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

வீட்டுக்கு வந்து போட்டால், வீணை சேற்றுக்குள்ளிருந்து வாசித்த மாதிரி கேட்டது. பளபளப்பு எதனால் என்று அப்புறம்தான் புரிந்தது. கம்ப்ரசர் காற்றோடு எண்ணெயும் ஈரமும் புகை மாதிரி வரும். அது மொத்தமும் தட்டில் படிந்திருந்தது. இதுவும் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. சொந்தக் கம்ப்ரசரில் தினமும் பார்த்ததுதான். தெரிந்தே செய்த முட்டாள்தனத்துக்கு ஆறுதல் ஏது? அன்று சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தட்டோடு சேலம் போனார். ஆனந்தகுமார் அம்மாபேட்டைக்காரர். அண்ணன்மார் எல்லாம் தறி ஓட்ட, இவர் மட்டும் ரெக்கார்டுகளைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணா, இது ரெக்கார்டுண்ணா. போர்க்குழி இல்ல."

"தெரியுதப்பா. இப்ப என்ன பண்ணட்டும், அதச் சொல்லு."

"டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. பாத்திரம் கழுவற லிக்விட் ஒரே ஒரு சொட்டு. மெத்துனு பருத்தித் துணி. கோடு போற போக்குலயே வட்டமாத் தொடைக்கணும், குறுக்க இழுக்கக் கூடாது. நெழல்லயே காய வெக்கணும்."

"டிஸ்டில்டு வாட்டருன்னா, பேட்டரிக்கு ஊத்தற தண்ணிதான? அது கேன் கேனாக் கெடக்குது நம்ம ஊட்ல."

"அதேதாண்ணா. அப்புறம் அந்தச் சடசட இருக்குதே, அது தூசி மட்டும் இல்ல. எங்க தறிக் கொட்டாய்லயும் இதே தொல்லதான். வெயில் காலத்துல பாலியஸ்டர் நூல் ஓட்டறப்பக் காத்து காஞ்சு போச்சுன்னா, நூலுக்கு நூல் ஒட்டிக்கிட்டு அறுந்து அறுந்து போகும். தொட்டா சுரீர்ங்கும். தரையில தண்ணி தெளிச்சு உட்டாத்தான் அடங்கும். நீங்களும் ரூம்ல கொஞ்சம் ஈரம் வெச்சுப் பாருங்க."

கொஞ்சம் என்றால் காளிதாஸுக்கு எங்கே புரியும்? ஆயிரம் அடி துளைத்தவர். தட்டைக் கழுவிக் காய வைத்த கையோடு, முன்னறையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினார். சன்னலுக்குச் சன்னல் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார். சௌந்திரம் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு உள்ளே வந்தவர், வழுக்கி விழப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள நாத்து நடப் போறீங்களா?"

"கம்முனு இரு புள்ள. கேளு."

ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும். சடசடப்பு நின்றேவிட்டது. உறையிலிருந்து உருவினால் கை மயிர் எழவில்லை. ஆனந்தகுமார் சொன்னபடி பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறிந்துவிட்டுக் காகித உறை போட்டார். சென்னையில் இருக்கிற மகள் கயல்விழி, தட்டுத் துடைக்கவென்றே இருக்கிற மயிரிழைப் பிரஷ் ஒன்றை வரவழைத்து அனுப்பினாள். எல்லாம் சேர்ந்து வீணை துல்லியமாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கால் நீட்டி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.

காளிதாஸால் உட்கார முடியவில்லை. வெடிப்பு போனதும் அதற்குக் கீழே இருந்தது மேலே வந்துவிட்டது. மெல்லிய ஒரு சீறல். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் விடுகிற மூச்சு மாதிரி, நிற்காமல், ஏறாமல், இறங்காமல். மீட்டிய நாதம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிற அந்த இடம் இருக்கிறதே, அவர் மிளகாய்க் காட்டில் அழுத இடம், அங்கே ஒன்றுமில்லாததற்குப் பதிலாக இந்தச் சீறல் உட்கார்ந்திருந்தது. எந்த இடத்துக்காக ஏங்கினாரோ அந்த இடமே அவருக்கு இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. முள்ளை மாற்றினார். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தார். ஃபேனை நிறுத்தினார், ஃப்ரிட்ஜை நிறுத்தினார். பால் திரிந்து போனது. எர்த் சரியில்லை என்று ஒருநாள் தோன்றியது. உடனே பெட்டியின் தகட்டிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் தான் போட்ட போர்க்கிணற்றின் இரும்புக் கேசிங் பைப்பில் கட்டினார். ஊரிலேயே ஆழமான எர்த் தன்னுடையதுதான் என்று மகளிடம் போனில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சௌந்திரம் அந்தக் கிணற்று மோட்டாரைப் போட்டார். உள்ளே வீணை மாடு மாதிரி உறுமியது. கம்பியை அறுத்து எறிந்தார்.

போனைப் பெட்டியருகே பிடித்து மகளைக் கேட்கச் சொன்னார்.

"வீணை நல்லாத்தான் கேக்குதுப்பா."

"வீணையில்ல சாமி, அதுக்குப் பின்னாடி."

"பின்னாடி நீங்க பேசறதுதான் கேக்குது."

போன் சரியில்லை என்று முடிவு செய்தார்.

தட்டு ஓடாத நேரத்திலும் நிம்மதி இல்லாமல் போயிற்று. தோப்பில் சில்வண்டுகள் கத்துவது அவருக்குத் தொல்லையாக இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் அவை ஆரம்பித்துவிடும். ஒரு சாயங்காலம் தகரத்தைத் தட்டிக்கொண்டு மரம் மரமாகப் போனார். எந்த மரத்தடிக்குப் போனாலும் சத்தம் அதே தூரத்தில் இருந்தது. ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டியருகே நின்ற சௌந்திரம் அவரைப் பார்த்து என்னவோ சொன்னார். காளிதாஸ் திரும்பாமலே, "ஆமாமா" என்றார். சௌந்திரம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சோறு போடும்போதும் அப்படித்தான். இடது பக்கம் குனிந்து குழம்பு ஊற்றியபடி சௌந்திரம் மெதுவாக என்னவோ சொல்வார். காளிதாஸின் கண் பெட்டியின் மேல் இருக்கும். "ஆமாமா, செய்யலாம்" என்பார்.

கடைசியில் பழி ஆனந்தகுமார் மேல் விழுந்தது. தேய்ந்த தட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று பொங்கிக்கொண்டு சேலம் போனார். ஆனந்தகுமார் பொறுமையாக அதே தட்டைக் கடையிலிருந்த பெரிய செட்டில் போட்டு, குனிந்து கேட்டார். கடைக்கு வந்திருந்த ஒருவரையும் கேட்கச் சொன்னார்.

"சுத்தமா இருக்குண்ணா. இவ்வளவு சுத்தமா என்கிட்ட வேற தட்டே இல்ல. நல்லாக் கழுவியிருக்கறீங்க."

"இந்தச் சீறல் கேக்கல உனக்கு?"

"இல்லண்ணா."

"உனக்குக் காது அவுஞ்சு போச்சு! இருவத்தஞ்சு வருசம் பாறையக் கேட்ட காது இது. என்கிட்டயே கத உடறியா?"

கடையில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். ஆனந்தகுமார் தட்டை உறையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது காளிதாஸ் தட்டை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் காதைச் சந்தேகப்பட்டுவிட்டானே என்ற கோபம். ட்ரில்லரை அதைவிடக் கேவலமாகப் பேச முடியாது என்பது அவர் எண்ணம். உண்மையில் ஆனந்தகுமார் அவர் காதைப் பற்றி வாயையே திறக்கவில்லை.

வழியில்தான் அவருக்குப் பொறி தட்டியது. குற்றம் தட்டிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. வருகிற கரண்டில் இருக்கிறது. பக்கத்தில் கோழித் தீவன மில் ஓடுகிறது, தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் ஓடுகிறது. அத்தனை அழுக்கும் லைனில்தானே வரும்! மாதாமாதம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். மில் ஓடாது, மோட்டார் ஓடாது, ஊரே அடங்கிக் கிடக்கும். பெட்டியோ பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. அடாப்டரைக் கழற்றிவிட்டு, ரிக்கிலிருந்து கொண்டுவந்து கொல்லையில் போட்டிருக்கிற லாரி பேட்டரியில் கொடுத்தால் ஆயிற்று. அதைவிடச் சுத்தமான கரண்டு உலகத்தில் ஏது?

அந்த நாளும் வந்தது. காலையிலேயே பேட்டரியைக் கழுவித் துடைத்து முன்னறையில் வைத்தார். தரையில் அளவாகத் தண்ணீர் தெளித்தார். அதற்குள் அளவு பழகியிருந்தது. கரண்டு நின்றது. மில்லின் கடகடப்பு ஓய்ந்தது. ஃபேன் இறக்கைகள் நின்றன. சாலையில்கூட வண்டி இல்லை. காளிதாஸ் தட்டைப் பிரஷால் ஒரு சுற்றுத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளை இறக்கினார்.

வீணை எழுந்தது. தேய்ந்தது. அந்த இடம் வந்தது.

சீறல் என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தது.

"சௌந்திரம்!" என்று கத்தினார். அது வீடு முழுக்க எதிரொலித்தது.

சௌந்திரம் கையில் அகத்தித் தழைக் கட்டோடு ஓடி வந்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"உக்காரு. இன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. லைன் கரண்டும் இல்ல. இப்பக் கேளு. கம்பி அடங்கற எடத்துல... இந்தா... கேக்குதா? இப்பவாச்சும் ஒத்துக்க."

சௌந்திரம் உட்கார்ந்தார். தழைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கேட்டார்.

"வீணை கேக்குதுங்க. நல்லாருக்குது."

"அதில்ல! அதுக்குப் பொறகால!"

சௌந்திரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்தார். ஓடுகிற தட்டிலிருந்து முள்ளை மெதுவாகத் தூக்கி, அதன் தாங்கியில் வைத்தார். குனிந்து பேட்டரியில் மாட்டியிருந்த கிளிப்பையும் கழற்றினார். தட்டு வேகம் குறைந்து இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

காளிதாஸ் தட்டை நோக்கி விரலை நீட்டியபடியே இருந்தார். தட்டு நின்றுவிட்டது. முள் தாங்கியில் இருந்தது. சீறல் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பயம் வந்தது. ஆயிரம் அடிக் குழியின் ஓரத்தில் நின்றபோதெல்லாம் வராத பயம். நீட்டிய விரலை மடக்கக்கூட மறந்துபோனார்.

"தோப்புல சில்வண்டு..." என்று ஆரம்பித்தார்.

"நம்ம தோப்புல சில்வண்டு ஏதுங்க? நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து ஒண்ணு கத்திக் கேட்டதில்ல."

அவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் இன்னும் கூடியது. கைகளை எடுத்தார். சண்டை போட ஏதாவது அகப்படுமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். பேட்டரி, பெட்டி, பிரஷ், நனைந்த சாக்கு. ஒன்றின் மேலும் குற்றம் இல்லை.

"உனக்கு எப்பருந்து தெரியும்?"

சௌந்திரம் நேராக அவர் முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நீங்க ரிக்க உட்டுட்டு ஊட்டுக்கு வந்தீங்களே, அந்த மாசமேங்க."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனுங்க. பட்டிகிட்ட நின்னு சொன்னேன். சோறு போடறப்பச் சொன்னேன். நாமக்கல்ல காது டாக்டர் ஒருத்தர் இருக்கறாரு, போலாமுங்கன்னேன். நீங்க ஆமாமா செய்யலாம்னீங்க."

காளிதாஸ் மனசு வேறெங்கோ ஓடியது. பட்டி, சோறு மட்டுமா? இந்த நாலைந்து மாதத்தில் எத்தனை ஆமாமா சொல்லியிருப்பார்? அதற்கு முன்னால், போனில், கம்ப்ரசர் பக்கத்தில் நின்றுகொண்டு, எத்தனை வருடம்?

"வேற என்னென்ன சொன்ன?" என்று கேட்டார். குரல் அடங்கிப் போயிருந்தது.

சௌந்திரம் தழைக்கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நெறையச் சொன்னேனுங்க."

காளிதாஸ் எழுந்தார். பெட்டியைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, இரண்டில் தேவலையான வலது காது அறையின் உள்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டார். அந்தக் காதுப் பக்கமாக, கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு நாற்காலியையும் போட்டார்.

"இங்க வந்து உக்காரு. மொதல்ல இருந்து சொல்லு."

சௌந்திரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"ஆடு பசியில கத்துதுங்க. தழையப் போட்டுட்டு வாரேன்."

ஆடு கத்தியதுகூட அவருக்குக் கேட்டிருக்கவில்லை. காளிதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். தட்டை எடுத்து உறையில் போடக்கூடத் தோன்றவில்லை. தலைக்குள் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேலே சௌந்திரம் திரும்பி வருகிற காலடிச் சத்தம் கேட்கிறதா என்று, வலது காதை வாசல் பக்கம் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.